பாஸ்போர்ட் எடுத்தாச்சா?

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுற்றுலாக் கூட்டங்களை பஸ்ஸில் ஏற்றி, எல்லை தாண்டிக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது பத்தொன்பது வருடமாக என் வேலை. அதைக் கேட்டதும் எல்லோரும் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். தைரியசாலி இந்த வேலைக்கு லாயக்கே இல்லை. அவன் சோதனைச்சாவடியில் நின்று நியாயம் பேசுவான். நாற்பது பேரும் வெயிலில் காய வேண்டியதுதான். பயப்படுகிறவள்தான் முந்தின நாளே எல்லாக் காகிதத்தையும் மூன்று தடவை பார்ப்பாள். டிரைவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் தலையெண்ணி. எங்கே நிறுத்தினாலும் தலைகளை எண்ணாமல் வண்டியை எடுக்க விடமாட்டேன். எண்ணி முடித்ததும் ஒரே கேள்வி: "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?"

அந்தக் கேள்விதான் அன்றைக்கு என் தங்கையைக் கொல்லப் பார்த்தது.

சனிக்கிழமை காலை பத்தே முக்கால். நாலாவது மாடியில் இருந்த என் தங்கை வீட்டின் முன்னறையில், அவள் புருஷனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுக்கு ஒரே வாசல். வாசலைப் பார்த்தாற்போல அவருடைய மேஜை. மேஜைமேல் கம்ப்யூட்டர், அதன் திரையில் முன்பக்கம் நசுங்கிய ஒரு கார். விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்த்து, சொந்தக்காரர் சொல்வது நிஜமா பொய்யா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பது அவர் வேலை. ஒரு நசுங்கலைப் பார்த்தே மரத்தில் மோதியதா, சுவரில் மோதியதா, சுத்தியலால் அடித்ததா என்று சொல்லிவிடுவார்.

எனக்கு அவ்வளவு திறமை கிடையாது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் மணிக்கட்டில் மாவுக்கட்டைப் பார்த்து, "படியில விழுந்துட்டேன்க்கா" என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னபோது, அந்த எலும்பு எப்படி உடைந்தது என்று எனக்கும் தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் அவர் இல்லாமல் அவள் தெருவில் இறங்கியதில்லை. அவளுடைய ஃபோனை அவர் தினமும் வாங்கிப் பார்ப்பார். பாஸ்போர்ட்டை நம்பர் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அவளுக்கு மிச்சமிருந்தது கீழ்த்தளத்துத் தையல்காரம்மா கடை மட்டும்தான். புதன்கிழமைதோறும் பத்து நிமிடம், துணி கொடுக்கப் போகலாம். அந்த அம்மாவின் ஃபோனிலிருந்துதான் என்னிடம் பேசுவாள். ஆறு வாரமாக, வாரத்துக்கு இரண்டு உடையாக, 'ஆல்டர் பண்ண' என்று சொல்லிக் கீழே கொண்டுபோனாள். ஒன்றும் திரும்பி மேலே வரவில்லை. எல்லாம் தையல்காரம்மாவின் மேஜைக்கு அடியில் ஒரு பையில் சேர்ந்தது. பாஸ்போர்ட் அன்று காலைதான் பெட்டியைவிட்டு வெளியே வந்திருந்தது. அவள் போட்டிருந்த மேலங்கியின் உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே, தையல்காரம்மா வைத்துத் தைத்த ஒரு பையில் அது இருந்தது.

பன்னிரண்டே காலுக்கு எல்லை தாண்டும் பஸ். இரண்டு டிக்கெட். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் காரோடு நிற்பார். அங்கே போய்விட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள். அகப்பட்டுக்கொண்டால் இந்த முறை மணிக்கட்டோடு நிற்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அக்கா என்ன, திடீர்னு?" என்றார் அவர். மரியாதையில் ஒரு குறையும் வைக்காத மனிதர். அதனால்தான் அவரிடம் எனக்குப் பயம்.

"குரூப்பை நேத்து இறக்கிவிட்டேன் மாப்பிள்ளை. இன்னிக்கு லீவு. பல் டாக்டர்கிட்ட போகணும்னு சொல்லியிருந்தா, நான் கூட்டிட்டுப் போறேன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவடியில் பிடிபடுகிறவர்கள் எல்லோரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னவர்கள்தான். ஒரு காரணம் போதும். மூன்று காரணம் சொன்னால் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிடுவார்கள். அந்தக் காரணமும் நிஜமாக இருக்க வேண்டும், கேட்கிறவருக்குக் கொட்டாவி வர வேண்டும். பல் டாக்டரிடம் பதினொன்றரைக்கு நிஜமாகவே நேரம் வாங்கியிருந்தோம். அதே பதினொன்றரைக்கு அவருக்குக் கம்பெனியோடு வீடியோவில் மீட்டிங் இருந்தது. அதனால்தான் அந்த நாள்.

"எந்தப் பல்லு?" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"கீழ வலது பக்கம், கடைசிக்கு முந்தினது," என்று அவள் குரல் வந்தது. சரியாகச் சொன்னாள். அவரிடம் ஏற்கெனவே மூன்று தடவை சொல்லியிருப்பாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டாக்டருடைய கார்டைத் தேடி எடுத்தார். நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஃபோனை மேஜைமேல் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். சமையலறையில் கரண்டி ஒன்று விழுந்தது.

"ஆமா சார், பதினொன்றரை, பேர் எழுதியிருக்கு," என்றது ஒரு பெண்குரல்.

"சும்மா கேட்டேன்," என்று அவர் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம தொழில் அப்படி."

எனக்கும் தொழில் தெரியும். அதிகாரத்தில் இருக்கிற ஆளிடம் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, ஏதாவது ஒரு சின்ன உதவி கேட்க வேண்டும். பேனா கேட்டு வாங்கு. குடிக்கத் தண்ணீர் எங்கே என்று கேள். ஒன்றைக் கொடுத்துவிட்டவருக்கு அடுத்ததை மறுக்க மனசு வராது. "மாப்பிள்ளை, எங்க ஆபீஸ் வண்டி ஒண்ணு பின்னாடி அடி வாங்கியிருக்கு. டிரைவர் ரிவர்ஸ்ல தூண்ல இடிச்சேங்கறான். படம் காட்டறேன், பாத்துச் சொல்றீங்களா?" என்று ஃபோனை நீட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. படத்தைப் பெரிசாக்கிப் பார்த்து, "தூண் இல்லக்கா. இன்னொரு வண்டி இடிச்சிருக்கு. உங்க டிரைவர் பொய் சொல்றான்," என்றார். அது பழைய படம். இன்னொரு வண்டிதான் இடித்தது. நான் வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டேன். அதில் பாதி நடிப்பில்லை.

தங்கை டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் மேலங்கியின் இடதுபக்கத்தை நான் பார்க்கக் கூடாது. ஒளித்துவைத்த இடத்துக்குத்தான் கண் போகும், அதிகாரி அந்தக் கண்ணைத்தான் பார்ப்பான். நான் அவள் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பாஸ்போர்ட்டைக் காட்டுங்கக்கா. எத்தனை முத்திரை இருக்குன்னு பாக்கலாம்," என்றார் திடீரென்று.

மறுத்தால் தப்பு. எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முத்திரைகளின் தேதியைக் கண்ணாடியோடு குனிந்து படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி ஃபைல்மேல் வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டால் உள்ளங்கையில் தட்டிக்கொண்டே பேசினார். "இத்தனை ஊரு! எங்க வீட்ல இதைச் சொன்னா மயக்கம் போட்டுடுவா. தனியாத் தெரு தாண்டத் தெரியாது. இல்ல?"

"ஆமாங்க," என்றாள் தங்கை. மேஜையில் இருந்ததையெல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதினொன்று ஆனது. தங்கை கைப்பையோடு வந்து செருப்பை மாட்டினாள். அவளுடைய ஃபோனை வேண்டுமென்றே சமையலறையில் விட்டிருந்தாள். அது எங்கே இருக்கிறது என்று அவரால் எப்போதும் பார்க்க முடியும். நான் எழுந்தேன். அவர் தடுக்கவில்லை. வாசல் கதவைத் திறந்தேன். அப்பாடா என்றிருந்தது. படியில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு, பத்தொன்பது வருடப் பழக்கம், திரும்பிப் பார்த்துக் கேட்டேன்: "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?"

என் குரல்தானா அது என்று எனக்கே நம்ப முடியவில்லை. தங்கையின் முகத்தில் ரத்தமே இல்லை. நாக்கை இழுத்து அறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"பல் டாக்டருக்குப் பாஸ்போர்ட் எதுக்குக்கா?" என்றார் அவர். குரலில் துளியும் கோபம் இல்லை.

ஒரே பதில், அதுவும் நிஜம். "பழக்க தோஷம் மாப்பிள்ளை. கடைக்குக் காய் வாங்கப் போனாலும் வாய்ல இதுதான் வருது. எங்க வீட்டுக்காரர் திட்டாத நாளில்ல." சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவரும் சிரித்தார். எழுந்தார். "சரி, கேட்டது கேட்டுட்டீங்க. இருக்கான்னு நானும் ஒரு தடவை பாத்துடறேன். ரெண்டு பேரும் இங்கேயே நில்லுங்க. ஒரு நிமிஷம்."

படுக்கையறைக்குள் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இரும்புப் பெட்டியைக் கட்டில்மேல் வைக்கும் சத்தம்.

எனக்கு ஒரு விதி உண்டு, எல்லாவற்றிலும் பெரிய விதி. அதிகாரி காகிதத்தோடு உள்ளே போனால் நகராதே. திரும்பி வரும்போது நின்ற இடத்தில் நின்றிருக்க வேண்டும். நகர்ந்தவன் குற்றவாளி. பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட இந்த விதி என்னை ஏமாற்றியதில்லை. அன்றும் அப்படியே நின்றேன். உண்மையைச் சொன்னால், பயத்தில் கால் மரத்துவிட்டது, விதி அதற்கு ஒரு சாக்கு. நின்றுகொண்டு என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெட்டி காலி என்று தெரிந்த பிறகு எந்தப் பொய்யும் நிற்காது.

தங்கை என் கையைப் பிடித்தாள். "நட அக்கா," என்றாள்.

"நிக்கச் சொன்னாரே..."

"பூட்டுல நம்பர் அவர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி இல்லாமப் படிக்க முடியாது." மேலங்கிப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியின் ஒரு காதைக் காட்டினாள். டீ கப்போடு சேர்த்துத் தட்டில் எடுத்துப் போயிருக்கிறாள். நான் அவள் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. "வா."

கதவைச் சாத்தவில்லை, சாத்தினால் சத்தம் கேட்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேலேயிருந்து அவர் குரல் வந்தது. கத்தவில்லை, வீட்டில் தினமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"என் கண்ணாடி எங்கே?"

தங்கை சட்டென்று நின்றாள். அவள் வாய் திறந்தது. எட்டு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். 'மேஜைமேல' என்று அது சொல்லப் போவது எனக்குத் தெரிந்தது. என் வாய் செய்த அதே துரோகம். அவள் வாயை உள்ளங்கையால் பொத்தினேன். அவள் மூச்சு என் கையில் சுடச்சுட அடித்தது. அப்படியே இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

தையல்காரம்மா மிஷினை நிறுத்தவே இல்லை. காலால் மிதித்துக்கொண்டே பையை எடுத்து நீட்டினாள். டாக்ஸி தெருமுனையில் நின்றது.

டாக்ஸியில் குனிந்து உட்கார்ந்துகொண்டு தங்கை சொன்னாள். பூட்டு மூன்று இலக்கம். அவர் குளிக்கும்போது சைபர் சைபர் சைபரில் ஆரம்பித்து, ஒரு நாளைக்கு ஐம்பது எண்ணாக மாற்றிப் பார்த்திருக்கிறாள். பதினாலாவது நாள் அறுநூற்று அறுபத்து மூன்றில் திறந்தது. அன்று எடுக்கவில்லை. திரும்பப் பூட்டி, அவர் விட்டிருந்த எண்ணையே வைத்துவிட்டு, இந்தச் சனிக்கிழமை காலைவரை பேசாமல் இருந்திருக்கிறாள். எனக்கு என் விதிகளை நினைத்து வெட்கமாக இருந்தது.

என் ஃபோன் அதிர்ந்தபடி இருந்தது. எடுக்கவில்லை. ஏழு தடவை அவர்தான். பிறகு நின்றுவிட்டது. பல் டாக்டரிடம் போயிருப்பார் என்று நினைத்தேன். அவர் கார் வெள்ளை. வழியில் எந்த வெள்ளைக் காரைப் பார்த்தாலும் இரண்டு பேரும் சீட்டுக்குக் கீழே சரிந்தோம்.

பஸ் நிலையத்துக்குள் நுழையும்போது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். எங்கள் கம்பெனி பஸ். டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன தலையெண்ணி, இன்னிக்கு ரெண்டே தலைதானா?" என்றார். ஏறப் போனோம். படியில் கால் வைத்த தங்கை திரும்பி, முதல் தடவையாகச் சிரித்து, என்னைப் போலவே குரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?"

என் கை தானாகப் பைக்குள் போனது. நின்றுவிட்டது. உள்ளங்கையில் தட்டிக்கொண்டே பேசினாரே, அதுதான் கண்ணில் வந்தது. என் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டேதான் அவர் படுக்கையறைக்குள் போனார். நாற்பது பேரைக் கேட்கிறவளைக் கேட்க ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது.

"நாளைக்குப் போலாம்க்கா," என்றாள் தங்கை. "எங்கயாவது ஒளிஞ்சு இருக்கலாம்."

அப்போது ஃபோன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தேன்.

"அக்கா, உங்க பாஸ்போர்ட்டை இங்க விட்டுட்டுப் போயிட்டீங்க," என்றார். அதே மரியாதை. "வீட்லதான் இருக்கேன். அவளையும் கூட்டிட்டு வாங்க. பேசிக்கலாம். இது இல்லாம நீங்க எங்கயும் போக முடியாது. நீங்க இல்லாம அவ எங்கயும் போகமாட்டா."

ஒன்று புரிந்தது. அவர் தேடிக்கொண்டு வரவில்லை. கணக்குப் போட்டு முடித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

"வர்றேன் மாப்பிள்ளை. இவ ரொம்ப அழறா. கொஞ்சம் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வர்றேன்," என்றேன். அதில் அவள் அழுதது நிஜம்.

ஃபோனை வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்தேன். "குட்டி, நீ மட்டும் போ."

"என்னால முடியாதுக்கா."

"முடியும். கவுன்ட்டர்ல அவங்க கூப்பிடற வரைக்கும் நில்லு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பையைத் தடவாத. பாஸ்போர்ட்டை எடுத்துட்டு உள்ள போனாங்கன்னா..." நான் நிறுத்தினேன். அந்த விதியை அவளுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா?

"அங்க நிக்கணும். தெரியும்," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது வேற இடம்."

டிரைவரிடம் மூன்று வார்த்தையில் சொன்னேன். அவர் தனக்குப் பின்னால் இருந்த சீட்டைக் காட்டினார். பஸ் கிளம்பியது. ஜன்னலில் அவள் தலை மட்டும் தெரிந்தது. ஒன்று, என்று எண்ணினேன்.

பஸ் எல்லைக்குப் போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை அவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பஸ் நிலையத்துக் காபிக்கடையில், சுவருக்கு முதுகு கொடுத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே அவரைக் கூப்பிட்டேன். அவ வாந்தி எடுக்கறா மாப்பிள்ளை. டாக்ஸி கிடைக்கல. வழியில டிராஃபிக். ஒரு தடவைக்கு ஒரே காரணம். ஒவ்வொரு தடவையும், "காத்துக்கிட்டு இருக்கேன்க்கா," என்றார். கடைக்குள் யார் நுழைந்தாலும் அவரோ என்று முகத்தைப் பார்த்தேன். பாஸ்போர்ட் போனது பெரிசில்லை, அதைத் தொலைத்த எத்தனையோ பயணிகளைத் தூதரகத்துக்குக் கூட்டிப்போனவள் நான். அவர் ஒரு நிமிடம் சந்தேகப்பட்டுக் காரை எடுத்தால், சாவடிக்குப் பஸ்ஸைவிட முன்னால் போய்விடலாம். அதுதான் பயம்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு என் வீட்டுக்காரர் நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. பேசியது அவள்.

"வந்துட்டேன்க்கா."

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"யார்கூட வந்தேன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"தனியான்னு சொன்னேன்."

காபிக்கடையில் எல்லோரும் பார்க்க அழுதேன். அழுது முடிப்பதற்குள் அவர் கூப்பிட்டார். "நாலு மணி ஆச்சுக்கா. ஃபோனை அவகிட்ட குடுங்க. அவ குரலைக் கேக்கணும்."

"அவ இங்க இல்ல மாப்பிள்ளை. எல்லை தாண்டிட்டா."

"பொய். அவ தனியாப் போகமாட்டா," என்றார். முதல் தடவையாக அவர் குரல் நடுங்கியது.

அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும்தான் பதில். ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.